மீனே இல்லாத மீன் தொட்டி

எங்கள் வீட்டு முன்னறையில் 41 நாள் ஒரு மீன் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரிந்தது, குமிழி வந்தது, அடியில் மணல், ஓரத்தில் இரண்டு செடி, எல்லாம் இருந்தது. மீன் மட்டும் கிடையாது. எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மீன் வாங்கி விற்கிறவர்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒருத்தன் வெறும் தண்ணீரைக் கண்ணாடிப் பெட்டியில் ஊற்றி வைத்துக் காலையும் மாலையும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்றால் சும்மா விடுவார்களா? குடத்தண்ணீர் தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. "என்னப்பா, மீனு எங்க?" என்று கேட்டால் திண்ணையில் இருந்தபடியே அப்பா பதில் சொல்லிவிடுவார். "அவன் மீனு வளக்கல. தண்ணி வளக்குறான்."

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் செய்துகொண்டிருந்ததும் அச்சு அசலாக அதேதான்.

இதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. 2 வருடம் முன்பு மகள் பிறந்தநாளுக்குத் தொட்டி வாங்கினேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கடையில் கொடுத்த ஆன்ட்டி குளோரினைச் சொட்டு விட்டு, அன்று சாயங்காலமே 12 கப்பி மீன்களை விட்டாயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன, எட்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "மீன் வீக்கா இருந்திருக்கும், வேற எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார். சரி, கோளாறு தண்ணீரில்தான் என்று நானே முடிவு கட்டி, அந்த முறை முழுக்க கேன் தண்ணீர், புதிதாக 6 மீன். அதுவும் ஒரு வாரம்தான். கண்ணு பட்டுடுச்சு என்று அம்மா தொட்டிக்குத் திருஷ்டி சுற்றியதையும் சொல்லிவிடுகிறேன். மகள் முருங்கை மரத்தடியில் ஒவ்வொரு மீனையும் புதைத்து ஈர்க்குச்சி நட்டு வைத்தாள். 18 குச்சி. தொட்டி மாடிக்குப் போய், அதில் அம்மா பழைய டப்பாக்களை அடுக்கினாள்.

அந்த 18 மீனும் நோய் வந்து சாகவில்லை, மூத்திர விஷத்தில் செத்தன. மீன் விடும் கழிவு, செவுள் வழியே வெளியேற்றுவது, தின்னாமல் விட்ட தீனி, அழுகிய இலை எல்லாமே கடைசியில் அம்மோனியாவாகத்தான் போய் நிற்கின்றன. அதற்கு நிறம் கிடையாது. செவுளைப் பொசுக்குகிற அளவு சேர்ந்த பிறகும் தண்ணீர் பளிங்கு மாதிரியே இருக்கும், மூக்குக்கும் தெரியாது. தொட்டி பழகிவிட்டால் ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரோசோமோனாஸ் என்று பெயர். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அதை இன்னொரு வகை வந்து நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டாவது ஆளை நைட்ரோபாக்டர் என்றுதான் பள்ளியில் படித்தோம், ஆனால் மீன் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும்.

இதை அப்பாவுக்கு விளக்கப் போய் நான் திணறினேன். 40 வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர், பாக்டீரியா என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கடல்ல இம்புட்டு மீனு சாவுதே, கடல் நாறுதா? திங்க ஆளு இருக்கு. இந்தப் பொட்டிக்கு அந்த ஆளுக இன்னும் வந்து சேரல, அம்புட்டுத்தான?" என்றார். அம்புட்டுத்தான்.

இந்த ஆட்கள் வந்து சேர 4 முதல் 6 வாரம் ஆகும். தயிர் உறைய ஓர் இரவு போதும். இந்தப் பாக்டீரியாக்கள் மகா மந்தம், ஒன்று இரண்டாகவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அவை இருப்பதும் தண்ணீரில் இல்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அதனால் நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால், உறை மோர் வாங்கி வந்த மாதிரி, வேலை பாதியாகக் குறையும். ராமநாதபுரத்தில் ஒரு நண்பன் தருகிறேன் என்றான். போய்ப் பார்த்தால் அவன் மீன்கள் உடம்பெல்லாம் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளி நோய். ஸ்பாஞ்ச் வேண்டாம், காபி மட்டும் போதும் என்று திரும்பிவிட்டேன்.

இந்தத் தடவை தொட்டியை மாடியிலிருந்து இறக்கியது சித்திரையில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் கழித்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது, தம்பி வீட்டில்தான் இருந்தான், தூக்க ஆள் கிடைத்தது. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 65, 70 கிலோ வந்துவிடும், நிரப்பிய பிறகு நகர்த்தவே கூடாது. வெயிலில் கிடந்து ஒரு மூலையில் சிலிக்கான் பிய்ந்திருந்தது. பழையதை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். வினிகர் வாடை அடங்கும்வரை மூன்று நாள் காயவிட்டு, பிறகு வாசலில் வைத்தே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கீழே செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். தாள் நனையவில்லை. வீட்டுக்குள் வைத்து நிரப்பி ஒழுகினால் என்ன ஆகும் என்று அம்மா நாலைந்து தடவை சொன்னதால் செய்த காரியம்தான், ஆனாலும் செய்ய வேண்டிய காரியம்.

ஸ்டாண்டு பற்றி ஒரு வார்த்தை. இரும்பு ஸ்டாண்டு மலிவு, நம் பக்கம் சரிப்படாது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கிறது, இதில் தண்ணீரும் சொட்டினால் வெல்டிங் எத்தனை நாள் தாங்கும்? நான் ஹாலோ பிளாக் கல் அடுக்கி மேலே கடப்பா கல் போட்டேன், நடுவில் ஒரு தெர்மாகோல் ஷீட். பார்க்கச் சுமார்தான்.

அப்புறம் தண்ணீர். ராமநாதபுரக் கரையில் மீன் வளர்ப்பவனுக்கு இதுதான் முதல் தலைவலி, ஏன், மனிதனுக்கே அதுதானே தலைவலி. எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. போர் தண்ணீர் உப்பு, வாளியில் வெள்ளைக் கோடு விழும். காவிரி கூட்டுக் குடிநீர் குழாயில் வரும், வருகிற அன்றைக்கு வரும், சில நாள் குளோரின் நெடி மூக்கில் ஏறும். குடிக்க கேன். நான்காவதாக ஊற்றுத் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. கரை மணலில் தோண்டினால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, கனம் குறைவு என்பதால் மழைத் தண்ணீர் ஒரு படலமாக மிதந்து நிற்கும், அதை அம்மா காலத்தில் கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தில் நிரப்புவார்களாம். அதை மீனுக்கு ஊற்றினால் அம்மா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள்.

கேன் தண்ணீர்தான் சுத்தம், அதுதான் மீனுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்து 6 மீனைக் கொன்றவன். கேன் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ.வில் தாது உப்பு பெரும்பாலும் போய்விடுகிறது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்குத் தண்ணீரின் காரத்தன்மை தேவை, 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மை கரைந்து போகும். கேன் தண்ணீரில் அந்தக் கையிருப்பு கிட்டத்தட்ட கிடையாது, அதனால் பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) சரிந்து பாக்டீரியா படுத்துவிடும். கடைசியில் முக்கால் பங்கு குழாய்த் தண்ணீர், கால் பங்கு போர் தண்ணீர் என்று கலந்தேன். குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடும் கல்) ஓடவிட்டேன், பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் என்றால் குளோரின் அதிலேயே பறந்துவிடும். அவசரம் என்றால் ஆன்ட்டி குளோரின். இந்த விஷயம் முக்கியம், ஏனென்றால் குளோரின் போடுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான், நாமோ பாக்டீரியாவை வரவைக்க உட்கார்ந்திருக்கிறோம்.

மணலில் ஒரு வேடிக்கை நடந்தது. கடையில் கலர் கல் கிலோ கணக்கில் விற்கிறார்கள், நமக்கு எதற்கு, இவ்வளவு பெரிய கரை இருக்கிறதே என்று ஒரு வாளி மணல் அள்ளி வந்து பத்துத் தண்ணீர் அலசினேன். உப்பு போய்விட்டது, நாக்கில் வைத்தே பார்த்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம். ஒரு கரண்டி மணலைச் சாசரில் வைத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். காதுக்குப் பக்கத்தில் வைத்தால் சோடா திறந்த மாதிரி மெல்லிசாகச் சீறுகிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வெள்ளைத் துணுக்கின் ஓரத்திலும் பொடிப் பொடியாய் நுரை, பழுப்பு மணல் மட்டும் அசையாமல் கிடந்தது. அந்த வெள்ளையெல்லாம் சிப்பியும் சங்கும் பவளமும் நொறுங்கிய தூள், சுண்ணாம்பு. அது தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தையும் பிஹெச்சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மகள் அதற்கப்புறம் வீட்டில் இருந்த எல்லாவற்றின் மேலும் எலுமிச்சை பிழிய ஆரம்பித்தாள், கோலமாவு உட்பட. மணலைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு, வீடு கட்டுகிற இடத்தில் ஆற்று மணல் கேட்டு வாங்கிச் சலித்து, கழுவிப் போட்டேன். அது சீறவில்லை.

பவளத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டை எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செத்த துண்டுதானே என்பார்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, கடல் குதிரைக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 1986இல் இந்தக் கரையோரத்து 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஒரு காலத்தில் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோன ஊர்கள் இவை, அதனால் பழைய ஆட்களுக்கு இது சட்ட விரோதம் என்றால் சிரிப்பு வரும். பார் என்று நாம் சொல்கிற அந்தப் பாறைகளை நம்பித்தான் பாதி மீன் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஃபில்டருக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதும் இந்த அளவுத் தொட்டிக்கு. கடையில் ஹீட்டரும் எடுத்து வைத்தார்கள். அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மண்டபத்தில், ஹீட்டர்! ஏர் பம்பைத் தரையில் வைத்தது என் தப்பு. நான்காம் நாள் ராத்திரி கரண்ட் போனது, காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் அந்தப் பொடிக்குழாய் வழியாகத் திரும்பி இறங்கியிருக்கிறது. காலையில் கால் வைத்த தம்பி, கடலுக்குப் போகாதவன் வீட்டுக்கே கடல் வந்துடுச்சு என்றான். பம்ப் செத்தது. புதுப் பம்பை அலமாரி மேலே, தண்ணீர் மட்டத்துக்கு மேலாக வைத்தேன், கூடவே தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒரு செக் வால்வு. டீக்காசு விலைதான் அது.

இனி இறால். மீன் இல்லாமல் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும் என்றால் அவற்றுக்குச் சாப்பாடு போட வேண்டும், சாப்பாடு என்றால் அம்மோனியா, அம்மோனியா என்றால் ஏதாவது அழுக வேண்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு இறால் மட்டும்தான் வரும், விலை ஏறிக் கிடக்கும். அந்த நேரத்தில் குழம்புக்கு வாங்கிய இறாலில் நடுத்தரமாய் ஒன்றை எடுத்துக் கழுவிப் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத் தொட்டியில் இறக்கினேன். அம்மா அரை நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்தது. இது வேறு பாக்டீரியா, அழுகலைத் தின்ன வருகிற கூட்டம், தானாக அடங்கும், தண்ணீரை மாற்றிவிடக் கூடாது. ஐந்தாம் நாள் வாடை கிளம்பியது. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த வீட்டில், விருந்தாளி வந்தால் ஊதுபத்தி ஏற்றும் நிலை.

டெஸ்ட் கிட் வாங்காமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மதுரையிலிருந்து வரவழைத்தேன், மொத்தத் தொட்டிச் செலவில் அதுதான் அதிகம். 5 மில்லி தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சொட்டு எண்ணி விட்டு, குலுக்கி, 5 நிமிடம் நிறுத்திவிட்டு வெள்ளை அட்டை மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்து போவோம். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. ஆறாம் நாள் எலுமிச்சை நிறம், ஒன்பதாம் நாள் வாழையிலை. 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) தாண்டியதும் காலுறையை வெளியே எடுத்தேன், அதைப் புதைத்த இடத்தில் பூனை தோண்டிய கதை தனி. பதினைந்தாம் நாள் நைட்ரைட் குழாயில் முதல் முறையாக வெளிர்நீலம் மாறி ஊதா வந்தது. மகள் அன்று நோட்டில் கத்திரிக்காய் வரைந்து வைத்தாள். அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. அம்மோனியா இறங்கிக்கொண்டே வந்தது, ஊதா மட்டும் கத்திரிக்காயாகவே நின்றது, ஒரு வாரம், பத்து நாள், பதினாலு நாள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவுவேன், பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாதே. "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுறான்" என்று அப்பாவுக்குப் புதுச் செய்தி கிடைத்தது. தம்பிதான் எனக்காகப் பேசினான். "படகையே 61 நாள் சும்மா போடுறோம், பொட்டியப் போட்டா என்ன?"

இதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது. மத்தியானம் 3 மணிக்குத் தொட்டியில் 33 டிகிரி. பாக்டீரியாவுக்குச் சூடு பிடிக்கும், மீனுக்கு ஆகாது, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராண வாயு கரைகிற தண்ணீரில் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் 2 டிகிரி குறைகிறது. ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றுகிற தண்ணீரோடு உப்பு போகாது, அதனால் அந்தக் குறைவை நிரப்ப மட்டும் கேன் தண்ணீர்.

நம் ஊர்த் தண்ணீரில் இன்னொரு சங்கதி, இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பழைய 12 கப்பிகளின் கணக்கு புரிந்தது. அம்மோனியாவின் விஷம் பிஹெச்சைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 100க்கு அரைப் பங்குதான் கடும் விஷமான வடிவில் இருக்கும், பிஹெச் 8 என்றால் 5 பங்கு. பத்து மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர் ஊர்க்காரன் ஒருவன் மீனைப் போட்டுக்கொண்டே தொட்டியைப் பழக்கித் தப்பித்துவிடலாம், நம் கடின தண்ணீரில், இந்த வெயிலில், அது நடக்காது. ஒரே ஆறுதல், போர் தண்ணீரில் இருக்கும் உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பளம் வைத்திருக்கிற மாவட்டம், உப்பால் ஒரு நல்லதாவது நடக்கட்டும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறாயே, கடல் மீனையே போடலாமே என்று கேட்காத ஆள் இல்லை. சின்ன வயதில் இங்கே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சித் தொட்டிகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் ஆசைதான், அங்கே கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் கடல் தண்ணீருக்கும் இதே அம்மோனியாக் கதைதான், லிட்டருக்கு 35 கிராம் உப்பைப் பிடித்து நிறுத்தும் வேலை அதன் மேல் கூடுதல். முதலில் கப்பி, மாலியைக் காப்பாற்றிப் பார்ப்போம்.

முப்பத்தொன்றாம் நாளும் ஊதா. முப்பத்து நாலாம் நாள் அதே அட்டையை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறேன், நிறம் சந்தேகமாய் இருக்கிறது. மகளைக் கூப்பிட்டேன், "நீலம்ப்பா" என்றாள். முப்பத்தெட்டாம் நாள் அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர்நீலம், நைட்ரேட் மட்டும் செம்பருத்தி மாதிரி. மறுபடி ஒரு சிட்டிகை தீனியை அதிகமாகப் போட்டு மூன்று நாள் சோதித்தேன், இரண்டும் அசையவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன்.

நாற்பத்திரண்டாம் நாள் மதுரையிலிருந்து பஸ்ஸில் 5 கருப்பு மாலி வந்தன. கடின தண்ணீருக்கு அதுதான் தோது. கவரைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு அரை டம்ளர் அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விட்டேன், கவர்த் தண்ணீர் செடிக்குப் போனது. முழுத் தெருவும் வரும் என்று நினைத்தேன், ஒருத்தரும் வரவில்லை. அப்பா மட்டும் வந்து கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து ரொம்ப நேரம் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு நிதானமா விடுது" என்றார். அவருக்கு டெஸ்ட் கிட் வேண்டாம்.

நாலு மாதம் ஆகிறது. இப்போது 5 பெரிசும், எண்ண முடியாத குஞ்சுகளும். போன வாரம் எதிர்வீட்டு மாமா பையனுக்காக ஒரு தொட்டி வாங்கி வந்துவிட்டு, மீன் என்றைக்கு வாங்கலாம் என்று கேட்க வந்தார். நான் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் அப்பாவின் குரல்.

"மீனா? அவசரப்படாதப்பா. மொதல்ல ஒரு எறா வாங்கிப் போடு."

"எறாவா? பச்சையாவா, வேகவச்சா?"

"பச்சையாத்தான். ஒண்ணு போதும். வீட்டுல பொம்பளைக கிட்ட மட்டும் சொல்லிராத."